ரியல் எஸ்டேட்டுக்குப் போக எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடித்து, நிலம், கட்டடம், வீட்டு விற்பனை என்று ரியல் எஸ்டேட் பக்கம் மனம் வைத்திருக்கும் மாணவருக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சொந்த மாவட்டத்துக் கல்லூரியிலேயே கிடைக்கும் பி.காம். அல்லது பி.பி.ஏ. மற்றது, சில தனியார் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ரியல் எஸ்டேட் சிறப்புப் பட்டம். இது பெரும்பாலும் வெளிமாநிலத்தில் இருக்கிறது, விடுதிச் செலவும் சேர்கிறது. போகப்போகும் துறையின் பெயரே பட்டத்தில் இருப்பதால் இரண்டாவது வழிதான் நேர்வழி என்று மாணவருக்கும் பெற்றோருக்கும் தோன்றுவது இயல்பு. இந்த அத்தியாயத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலோ இந்தியாவின் வேறு பகுதியிலோ தொழில் செய்யப்போகிறவருக்கு முதல் பட்டம் பொது வணிகப் பட்டமாக இருப்பதுதான் நல்லது. ரியல் எஸ்டேட் சிறப்புப் படிப்பு வேண்டுமென்றால் அதை இரண்டாவது பட்டமாக, சில ஆண்டு வேலை பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், எந்தெந்தச் சூழ்நிலையில் இது பொருந்தாது என்பதையும் இனிப் பார்க்கலாம்.

ஒரு பட்டத்தின் பயனை அளக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பட்டம் இல்லாவிட்டால் எந்த வேலையைச் செய்ய முடியாது என்பதுதான். எம்.பி.பி.எஸ். இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது, சட்டப் பட்டம் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. ரியல் எஸ்டேட் பட்டத்துக்கு இந்தியாவில் அப்படி ஒரு இடம் இல்லை. தரகுத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுக்கொடுக்கும் முகவர் எவரும் மாநில ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தப் பதிவுக்கு அச்சட்டம் எந்தப் பட்டத்தையும் கேட்கவில்லை. மகாராஷ்டிரம் 2023-இல் ஒரு படி மேலே போய், முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறித் தகுதிச் சான்று பெற வேண்டும் என்று விதித்தது. அங்கேயும் அந்தச் சில நாள் பயிற்சியும் தேர்வும்தான் நிபந்தனை, மூன்றாண்டுப் படிப்பு தேவையில்லை. கட்டுமான நிறுவனம் தொடங்கவோ லேஅவுட் போட்டு விற்கவோகூடப் பட்டம் அவசியமில்லை. ரெரா அதற்குக் கேட்பதெல்லாம் நில உரிமை ஆவணம், திட்ட அனுமதி, வங்கிக் கணக்கு, உறுதிமொழி போன்றவைதான்.

அதே சட்டம் சில இடங்களில் தொழில்முறைத் தகுதியைக் கறாராகக் கேட்கிறது. அந்த இடங்களைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். வாங்குவோரிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுமான நிறுவனம் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதைச் செலவிடலாம். வேலை எந்த அளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் எடுக்க முடியும். அதற்குப் பொறியாளர், கட்டடக்கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரும் சான்று தர வேண்டும். சொத்து மதிப்பீட்டிலும் இதே நிலைதான். கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி நிலம், கட்டடப் பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராக வேண்டுமென்றால் சிவில் பொறியியல், கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் ஆகிய பாடங்களில் ஒன்றில் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். முதுநிலைப் பட்டமும் மதிப்பீட்டுப் படிப்பும் இருந்தால் அனுபவம் மூன்றாண்டு போதும். ரியல் எஸ்டேட் பி.பி.ஏ. இந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நிலத்தை மதிப்பிடுவதைப் பாடமாகவே மூன்றாண்டு படித்தவர் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து நிலத்துக்கு மதிப்பீட்டுச் சான்று தர முடியாது. பி.காம். முடித்து நிதிப் பிரிவில் எம்.பி.ஏ. செய்தவரோ, மூன்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு அதே விதிகளின் இன்னொரு பிரிவான பங்குகள், நிதிச் சொத்துகள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துத் தேர்வு எழுதலாம். பி.காம். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. பட்டயக் கணக்காளர் படிப்புக்கும், எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் அதே பி.காம். வழி விடுகிறது. ரியல் எஸ்டேட் துறையில் கையெழுத்துக்கு மதிப்புள்ளவர்களில் வழக்கறிஞரும் கணக்காளரும் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டத் தகுதி ஒருபுறம் இருக்கட்டும், அறிவு என்று பார்த்தால் சிறப்புப் பட்டம்தானே மேல் என்று கேட்கலாம். இங்கே நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இரண்டில் எதைப் பிறகு கற்பது கடினம்? ஓர் அலுவலகக் கட்டடம், செலவெல்லாம் போக, ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் நிகர வாடகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர்கள் தங்கள் பணத்துக்கு 8 சதவீத வருமானம் போதும் என்று நினைக்கும் காலத்தில் அந்தக் கட்டடத்தின் மதிப்பு 12.5 கோடி. வட்டி விகிதம் ஏறி, 10 சதவீதம் கிடைத்தால்தான் வாங்குவோம் என்று அவர்கள் சொல்லும் காலத்தில் அதே கட்டடத்தின் மதிப்பு 10 கோடி. கட்டடத்தில் ஒரு செங்கல் குறையவில்லை, வாடகையில் ஒரு ரூபாய் குறையவில்லை, ஆனால் இரண்டரைக் கோடி போய்விட்டது. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டியது வட்டி, பணத்தின் கால மதிப்பு, முதலீட்டு இடர், பொருளாதாரச் சுழற்சி ஆகியவை. இவை எல்லாமே பொது வணிகப் படிப்பின் நடுப்பகுதியில் இருப்பவை. 2019-இல் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து இந்தியாவில் ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. சென்னை வடபழனியில் உள்ள விஜயா மால்கூட இன்று நெக்சஸ் செலக்ட் என்ற ரீட்டின் சொத்து. ரீட்டின் சொத்துகளில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வருமானம் தருபவையாக இருக்க வேண்டும், பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது செபியின் விதி. இத்தகைய நிறுவனத்தில் பகுப்பாய்வு வேலைக்குப் போகிறவரிடம் கேட்கப்படுவது நிதிநிலை அறிக்கையைப் படிக்கும் திறன். இருபத்தெட்டு வயதில், வேலைக்கு நடுவே, கணக்கியலையும் புள்ளியியலையும் அடிப்படையிலிருந்து தொடங்குவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம்.

ரியல் எஸ்டேட்டுக்கே உரிய அறிவு அப்படியல்ல. அது இடத்தோடும் காலத்தோடும் கட்டுண்டது. நிலம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஆவணங்களும் நடைமுறைகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. நொய்டாவில் படிக்கும் மாணவர் கஸ்ராவையும் கத்தௌனியையும் பற்றித் தெரிந்துகொள்வார், மும்பையில் படிப்பவர் ஏழு-பன்னிரண்டு உதாராவைத் தெரிந்துகொள்வார். தமிழ்நாட்டுக்குத் திரும்பிவந்தால் இருவரும் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திடாத ஒரு வாரிசைக் கண்டுபிடிப்பது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது, பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்பது, இவையெல்லாம் நல்ல வழக்கறிஞர் அல்லது நல்ல ஆவண எழுத்தர் ஒருவரிடம் அமர்ந்து, நூற்றுக்கணக்கான பத்திரங்களைப் படித்து வர வேண்டிய பழக்கம். வில்லங்கம் பார்க்கும் வசதியும் பட்டா பார்க்கும் வசதியும் இன்று அரசு இணையதளங்களிலேயே இருப்பதால், ஆர்வமுள்ள மாணவர் தன் தெருவிலுள்ள நிலத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். கட்டணம் கட்டிச் சேர வேண்டிய வகுப்பு இதற்குத் தேவைப்படுவதில்லை.

காலத்தைப் பாருங்கள். 2015-இல் ரியல் எஸ்டேட் பட்டம் பெற்று வெளியே வந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டே ரெரா வந்தது. அதே 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட, தமிழ்நாட்டின் மனை வணிகமே ஸ்தம்பித்தது. பிறகு 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்து வரன்முறைத் திட்டம் வந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது. அதே ஆண்டு ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் அதைத் திருப்பி, மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 2018-இல் வீடு வாங்கியவர்கள் திவால் சட்டத்தின் கீழ் நிதிக் கடனீந்தோராக ஏற்கப்பட்டார்கள். கட்டுமான நிறுவனம் எப்போது வருமானத்தைக் கணக்கில் காட்டலாம் என்பதையே மாற்றிய புதிய கணக்கியல் தரம் அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. அவர் பாடப்புத்தகத்தில் படித்த விதிகளில் பெரும்பகுதி நான்கே ஆண்டுகளில் மாறிவிட்டது. மாறியவற்றைப் புரிந்துகொள்ள அவருக்கு உதவியவை ஒப்பந்தச் சட்டம், கணக்கியல், பொருளாதாரம் என்ற பழைய அடிப்படைகள்தான். சிறப்புப் பட்டத்திலும் இவை உண்டு, ஆனால் அங்கே இவற்றுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. பி.காம். படித்தவர்கள் எண்ணிக்கை மிக அதிகம், அந்தக் கூட்டத்தில் தன் பிள்ளை எப்படித் தனித்துத் தெரிவான் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலை. பல கல்லூரிகளில் பி.காம். என்பது தேர்வுக்கு முந்தைய வாரம் படித்துத் தேறிவிடும் படிப்பாகச் சுருங்கிவிட்டது என்பதும் உண்மை. எக்ஸெல்லில் ஒரு கடன் தவணை அட்டவணையைப் போடத் தெரியாத வணிகவியல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். அத்தகைய பி.காம்.மை விட, நல்ல ஆசிரியர்கள் நடத்தும் ரியல் எஸ்டேட் பட்டம் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு கல்லூரியின் தரத்தைப் பற்றியது. நல்ல பொதுப் பட்டத்தையும் நல்ல சிறப்புப் பட்டத்தையும் ஒப்பிட வேண்டும், அல்லது மட்டமான இரண்டை ஒப்பிட வேண்டும். மட்டமான பொதுப் பட்டம் வைத்திருப்பவருக்குக்கூட வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., வேறு துறை வேலை என்று பல பக்கம் திரும்ப வாய்ப்பு மிஞ்சுகிறது, மேற்படிப்புக்குத் தகுதி பற்றிய சந்தேகமும் எழாது. மட்டமான சிறப்புப் பட்டம் வைத்திருப்பவரோ, விண்ணப்பிக்கும் ஒவ்வோரிடத்திலும் தன் பட்டம் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தைத் தமிழ்நாட்டு மாணவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணையானது, எது இணையில்லை என்று உயர்கல்வித் துறை அவ்வப்போது அரசாணை வெளியிடுகிறது. வழக்கமில்லாத பெயருள்ள பட்டம் பெற்றவர்கள், பாடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், இணைத்தன்மை இல்லை என்ற ஒரு வரியால் அரசு வேலை வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். எந்தப் பட்டமும் போதும் என்னும் தேர்வுகளில் இந்தச் சிக்கல் வராது. வணிகவியல் பட்டம் என்று குறிப்பிட்டுக் கேட்கும் பதவிகளிலும், எம்.காம். சேர்க்கையிலும் வரலாம். பதினேழு வயதில் அரசு வேலை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்பவர் இருபத்தைந்து வயதில், குடும்பச் சூழல் மாறியதும், அதைத் தேடுவது நம் ஊரில் அன்றாடம் நடப்பது.

சுழற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரியல் எஸ்டேட் கடன் பணத்தில் ஓடும் தொழில். கடன் நின்றால் தொழில் நிற்கும். 2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய நெருக்கடி இங்கேயும் திட்டங்களை முடக்கியது. 2016 நவம்பர் பணமதிப்பிழப்பில் மனை விற்பனை விழுந்தது. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியதும் வங்கியல்லா நிதி நிறுவனங்கள் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த பணம் வற்றியது. 2020-இல் பெருந்தொற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு அடி. இப்படி ஒரு சரிவில் பட்டம் பெற்று வெளியே வரும் மாணவருக்கு அந்த ஆண்டு துறைக்குள் இடம் கிடைக்காமல் போகலாம். பொதுப் பட்டம் உள்ளவர் வங்கியிலோ காப்பீட்டிலோ சரக்குப் போக்குவரத்திலோ இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு, சந்தை எழும்போது இங்கே வரலாம். வீட்டுக்கடன் நிறுவனத்தில் கழித்த அந்த இரண்டாண்டு அவருக்கு வீணாகவும் போகாது. கடன் கொடுப்பவர் ஒரு சொத்தை எப்படிப் பார்க்கிறார் என்று அங்கேதான் தெரியும்.

வெளிநாடுகளில் ரியல் எஸ்டேட்டைப் பட்டமாகவே படிக்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. படிக்கிறார்கள்தான், அதற்குத் தக்க காரணமும் அங்கே உண்டு. பிரிட்டனில் 1868-இல் தொடங்கிய அளவையாளர் சங்கம், இன்று ஆர்.ஐ.சி.எஸ்., தான் அங்கீகரித்த பட்டத்தையும் அதன்பின் மேற்பார்வையில் பணிப்பயிற்சியையும் மதிப்பீட்டு நேர்காணலையும் முடித்தவருக்குப் பட்டய அளவையாளர் என்ற தகுதியைத் தருகிறது. ரெடிங் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ரியல் எஸ்டேட் பட்டம் வாங்குபவர் அந்தத் தகுதிக்கான முதல் படியில் கால் வைக்கிறார். அந்தப் பட்டம் அங்கே ஒரு கதவைத் திறக்கிறது. பிரிட்டனிலோ, அந்தத் தகுதியை மதிக்கும் துபாய் போன்ற நகரங்களிலோ தொழில் செய்யத் தீர்மானித்தவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. அவர்கள் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைத் தேடிப் படிக்கலாம். ஆனால் அமெரிக்காவில் பெயர் பெற்ற வார்ட்டன் வணிகப் பள்ளியில் இளநிலை மாணவர் பெறுவது பொருளாதாரப் பட்டம், ரியல் எஸ்டேட் அதற்குள் ஒரு சிறப்புப் பிரிவு. எம்.ஐ.டி. 1983-இல் தன் ரியல் எஸ்டேட் மையத்தைத் தொடங்கியபோது கொண்டுவந்தது முதுநிலைப் பட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முன்பு வடிவமைப்புப் பள்ளியில் இருந்த ரியல் எஸ்டேட் துறை இப்போது வணிகப் பள்ளிக்குள் இருக்கிறது. வெளிநாட்டு உதாரணங்களைக் காட்டுபவர்கள் இவற்றையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

குடும்பமே கட்டுமானத் தொழிலில் இருக்கும் மாணவர் இன்னொரு விதிவிலக்கு என்று சொல்வார்கள். எனக்கு அது எதிர்மாறாகப் படுகிறது. தரகும் தளமும் பத்திர அலுவலகமும் அவருக்கு வீட்டிலேயே கிடைக்கின்றன. கிடைக்காதது, அந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்க்கும் கண். வீட்டுக் கணக்கும் நிறுவனக் கணக்கும் கலந்து கிடக்கும் ஒரு குடும்பத் தொழிலுக்கு மகனோ மகளோ கொண்டுவரக்கூடிய பெரிய உதவி, முறையான கணக்கியலும் நிதித் திட்டமும்தான்.

சிறப்புப் படிப்பு எங்கே உண்மையில் பயன் தருகிறது என்றால், இரண்டு மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு. அதற்குள் மாணவருக்குத் தான் விற்பனையில் இருக்கப்போகிறோமா, நிலம் வாங்கும் பிரிவிலா, முதலீட்டுப் பகுப்பாய்விலா, கட்டடப் பராமரிப்பு நிர்வாகத்திலா என்று தெரிந்திருக்கும். அப்போது முதுநிலையில் சொத்து மதிப்பீட்டு முறைகளையும் நகர வளர்ச்சியையும் திட்ட நிதியையும் படித்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் அவரிடம் சொந்தக் கேள்வி இருக்கும். உடன் படிப்பவர்களும் பொறியாளர், கட்டடக்கலைஞர், வங்கியாளர் என்று துறையில் இருப்பவர்களாக இருப்பார்கள். துறைத் தொடர்புகள் வேண்டும் என்பதற்காக இளநிலையிலேயே சிறப்புப் பட்டத்தைத் தேடுபவர்களுக்கு அந்தத் தொடர்புகள் உண்மையில் கிடைப்பது இங்கேதான்.

இத்தனைக்குப் பிறகும் இளநிலையில் ரியல் எஸ்டேட் பட்டத்தையே தேர்ந்தெடுப்பவர் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் அவர் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கட்டும். கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், நிதி மேலாண்மை, ஒப்பந்தச் சட்டம் ஐந்தும் முழுத் தாள்களாக இருக்கின்றனவா? சான்றிதழில் அச்சாகும் பட்டப் பெயர் வெறும் பி.பி.ஏ.வா, அடைப்புக்குறிக்குள் துறைப் பெயருமா? பல்கலைக்கழகத்தை யு.ஜி.சி. அங்கீகரித்திருக்கிறதா? 2024–25 முதல் பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்திருப்பதால், இணைப்புக் கல்லூரி என்றால் அந்த ஒப்புதல் இருக்கிறதா? வேலைவாய்ப்பு பற்றிக் கல்லூரி சொல்லும்போது, எத்தனை பேருக்கு வேலை என்பதோடு நிற்காமல் என்ன வேலை என்று கேட்க வேண்டும். பட்டம் இல்லாதவருக்கும் கிடைக்கும் கமிஷன் விற்பனை வேலைகளே அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருந்தால், அதுவே பதில்.

பி.காம். அல்லது பி.பி.ஏ. சேருபவர் அந்த மூன்றாண்டை ரியல் எஸ்டேட்டை நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும், தானாக அது நடக்காது. முதலாண்டு விடுமுறையில் ரெரா சட்டத்தை முழுதாக ஒருமுறை படிக்கலாம், நீளமான சட்டமில்லை. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தன் ஊர்த் திட்டங்களின் பதிவு விவரங்களைப் பார்க்கலாம். இரண்டாமாண்டில் ஏதேனும் ஒரு ரீட்டின் ஆண்டறிக்கையை எடுத்து, வாடகை வருமானத்திலிருந்து பங்கீட்டுத் தொகை வரை கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்க்கலாம். மூன்றாமாண்டுத் திட்ட அறிக்கைக்கு நிறுவன ஊழியர் மனநிறைவு போன்ற வழக்கமான தலைப்பை விட்டுவிட்டு, சொந்த ஊரில் ஒரே சாலையில் பத்தாண்டுகளில் வழிகாட்டி மதிப்பு எப்படி மாறியது, சந்தை விலை அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, ஏன் என்று எழுதலாம். விடுமுறைகளில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலோ வீட்டுக்கடன் நிறுவனத்தின் சட்ட ஆய்வுப் பிரிவிலோ சம்பளமில்லாமல் அமர்ந்தாலும் பத்திரம் படிக்கப் பழகலாம். நேர்காணலில் அந்தத் திட்ட அறிக்கையை மேசைமேல் வைத்துப் பேச முடிகிற பி.காம். பட்டதாரிக்கு, சென்னையில் இயங்கும் சொத்து ஆலோசனை நிறுவனங்களிலும் கட்டுமான நிறுவனங்களின் நிலக் கொள்முதல் பிரிவுகளிலும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.